வழிமொழிந்தவர் வீரமுத்து

ஜொகூர் மாநிலத்து உலு திராமில் பறந்து வரும் பந்தைப் பிடிக்கக்கூடியவர்கள் கொஞ்சம் பேர்தான். அதை எப்படிப் பிடித்திருக்க வேண்டும் என்று சொல்லக்கூடியவர்கள் நிறையப் பேர். அந்த நிறையப் பேர் சேர்ந்து நடத்தியதுதான் உலு திராம் வட்டார மென்பந்து இரசிகர் மன்றம். ஊரில் மற்ற எல்லாரும் அந்த விளையாட்டை சாப்ட்பால் என்றார்கள். மென்பந்து என்று ஒருவர் சொன்னால் அவர் மன்றத்து ஆள், அநேகமாகப் பதவியில் இருப்பவர் என்று புரிந்துகொள்ளலாம்.

பதவியில் இல்லாதவர்கள் அங்கே குறைவு. தலைவர், துணைத் தலைவர், உதவித் தலைவர், செயலாளர், துணைச் செயலாளர், ஆலோசகர்கள், ஆலோசகர்களுக்கு ஓர் ஒருங்கிணைப்பாளர் என்று எல்லாரும் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்துவிட்டால், எதிரே போட்டிருக்கும் நாற்காலிகளில் வீரமுத்துவும் வேறு சிலரும் மட்டும் மிஞ்சுவார்கள். மேடை நெருக்கியடிக்கும். சபை காற்றாடும்.

வீரமுத்து செனாயில் ஒரு கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர். மகள் ஷாமளா பெண்கள் அணியில் ஆடுவதால் மன்றத்தில் சேர்ந்தார். பிள்ளையை ஏற்றி இறக்க எப்படியும் திடலுக்கு வரத்தான் வேண்டும், வந்து சும்மா நிற்பதற்கு உறுப்பினராக நிற்கலாமே என்று நினைத்தார்.

முதலில் அது வெறும் இரசிகர் மன்றமாகத்தான் இருந்தது. அணியைப் பார்த்துக்கொண்டவர் பிரேமலா டீச்சர். அவர் பத்து பாகாட் ஊருக்கு மாற்றலாகிப் போனபிறகு அணிக்குப் பயிற்சியாளர் இல்லை. திடலுக்கு அனுமதி வாங்குவதும் பஸ் பிடிப்பதும் சட்டை தைப்பதும் மன்றம் என்றானபின், யார் ஆடுவது என்பதும் மன்றமே என்றானது. புதிய பயிற்சியாளரைத் தேடலாமா என்று ஒரு கூட்டம் நடந்தது. தேடுவதற்கு முன்னால், தேடப்படுபவர் எப்படி இருக்க வேண்டும் என்று ஆராய ஒரு குழு அமைத்தார்கள். அந்தக் குழு நன்றாக ஆராய்ந்துகொண்டிருந்தது.

மன்றத்தில் எது நடந்தாலும் தீர்மானமாகத்தான் நடக்கும். ஒருவர் முன்மொழிவார், ஒருவர் வழிமொழிவார், எல்லாரும் கைதட்டுவார்கள். தண்ணீர்க் கோப்பைகளை மாற்றியது தீர்மானம். ஒருமுறை ஆட்டத்தின் நடுவே பெரிய மழை வந்து திடலில் போட்டிருந்த கூடாரத்தைப் பிரிக்க வேண்டியிருந்தபோது, நனைந்துகொண்டே ஒரு தீர்மானம் போட்டுவிட்டுத்தான் பிரித்தார்கள். முன்மொழிய எல்லாருக்கும் ஆசை, ஏனென்றால் அதற்கு எழுந்து நின்று பேசலாம். வழிமொழிய யாருக்கும் ஆசையில்லை. கையைத் தூக்கிவிட்டுப் பேசாமல் உட்கார வேண்டும் என்பது அவர்களுக்கு ஒத்துவரவில்லை.

வீரமுத்து போன முதல் கூட்டத்தில் அப்படித்தான் ஒரு தீர்மானம் வழிமொழிய ஆளில்லாமல் நின்றது. அந்த அமைதி அவருக்கு என்னவோ போல் இருந்தது. வீட்டுக்கு வந்தவருக்கு நாற்காலி போடாததுபோல. மெதுவாகக் கையைத் தூக்கினார். செயலாளர் மதிவாணன் ஒலிபெருக்கிப் பக்கம் குனிந்து, “வழிமொழிந்தவர், திரு. வீரமுத்து அவர்கள்” என்றார்.

கிடங்கில் அவரை முத்து என்பார்கள், அங்கிள் என்பார்கள், அவசரத்தில் ஓய் என்பார்கள். அவர் பெயருக்கு முன்னாலும் பின்னாலும் மரியாதை வைத்து, அதை ஒலிபெருக்கியிலும் சொன்னது அதுவே முதல் தடவை. அன்று வீட்டுக்குப் போய் மனைவி சாந்தினியிடம் சொன்னார். அவள் சட்டியில் மீனைத் திருப்பிப் போட்டபடி கேட்டுக்கொண்டாள்.

அதற்குப் பிறகு எல்லாத் தீர்மானங்களையும் அவரே வழிமொழிந்தார். நாளடைவில் வாக்கியம் முடிவதற்கு முன்பே கை எழுந்துவிடும். தலைவருக்கும் அது வசதியாக இருந்தது. “உங்க கை என்னா ரயில்வே கேட்டா, யாரு வந்தாலும் தூக்குது?” என்று சாந்தினி கேட்பாள். அவர் சிரித்துக்கொள்வார்.

அப்படி அவர் வழிமொழிந்தவற்றில் ஒன்று கூடாரத் தீர்மானம். பிரமுகர்கள் உட்காரும் கூடாரம் முன்பு திடலின் கிழக்குப் பக்கம் இருந்தது. ஒரு தடவை சட்டமன்ற உறுப்பினர் ஒய்.பி. வந்து உட்கார்ந்தபோது மாலை வெயில் நேராக அவர் முகத்தில் அடித்தது. அவர் கண்ணைச் சுருக்கிக்கொண்டே பரிசு கொடுத்த படம் பத்திரிகையில் வந்தது. மன்றம் வெட்கிப்போனது. கூடாரத்தை எதிர்ப் பக்கம், மரநிழலுக்கு மாற்றினார்கள். மட்டை பிடிப்பவரின் முதுகுக்குப் பின்னால்தான் பிரமுகர்கள் உட்கார வேண்டும் என்பது மன்றத்து மரபு. ஆகையால் மட்டை பிடிக்கும் இடமும் கூடாரத்தோடு சேர்ந்து அந்தப் பக்கம் போனது. ஆட்டமே திரும்பிக்கொண்டது. இனி எந்தப் பிரமுகர் கண்ணிலும் வெயில் படாது என்று தலைவர் சொன்னார். அது உண்மைதான். வெயில் அதற்குப் பிறகு இடது கோடியில் நின்று பந்து பிடிக்கிறவர் கண்ணில் பட்டது.

இடது கோடி என்பது மட்டையாளருக்கு வெகு தூரத்தில், புல்வெளியின் ஓரத்தில் உள்ள இடம். உயரமாக அடித்த பந்து அங்கே போகும். நிற்பவள் அண்ணாந்து பார்த்துக்கொண்டே ஓடி, தரையில் விழுமுன் பிடிக்க வேண்டும். ஐந்தரை மணிக்கு மேல் அங்கிருந்து அண்ணாந்து பார்த்தால் பந்து இருக்காது, சூரியன்தான் இருக்கும்.

முதலில் அங்கே தர்ஷனா நின்றாள். பந்தை விட்டாள். அடுத்து லோஷினி நின்றாள், அவளும் விட்டாள். இந்த இரண்டு பேரையும் பற்றி மன்றம் ஆட்டம் முடிந்த ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் மாமாக் சாப்பாட்டுக் கடையில் மேசைகளைச் சேர்த்துப் போட்டு விவாதித்தது. தே தாரிக் தேநீர் ஆறும். ஒருவர் கால் வேலை சரியில்லை என்பார். இன்னொருவர் எழுந்து, ரொட்டித் தட்டைக் கையுறையாகப் பிடித்து, எப்படிச் சாய வேண்டும் என்று காட்டுவார். ஆலோசகர் ஒருவர் இதெல்லாம் ஃபோனால் வருவது என்று ஃபோனைப் பார்த்துக்கொண்டே சொல்வார். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பசி இல்லை என்று ஒருவர் சொன்னால் மற்றவர்கள் தலையாட்டிவிட்டு இன்னொரு ரொட்டி சொல்வார்கள்.

எதிரணியின் இடது கோடிப் பெண்ணும் அதே இடத்தில் அதே நேரத்தில் பந்தை விடத்தான் செய்தாள். அதை மன்றம் நம் அணியின் அடியில் உள்ள வலிமை என்று குறித்துக்கொண்டது.

லோஷினி போனபிறகு அந்த இடத்துக்கு ஷாமளா வந்தாள். அதுவரை நடுக் கோடியில் நின்றுகொண்டிருந்தவள். அங்கே சூரியன் தோள் பக்கமாய் நிற்கும், தொந்தரவில்லை. அவள் ஓடினால் பந்து விழப் போகும் இடத்துக்குப் பந்துக்கு முன்னால் போய்விடுவாள். பத்து பாகாட்டில் நடந்த போட்டியில் கோடியிலிருந்து அவள் எறிந்த பந்து தரையைத் தொடாமல் மட்டை பிடிக்கும் இடத்துக்கு வந்து சேர்ந்ததை அங்கே வந்திருந்த ஜொகூர் மாநிலத் தேர்வாளர் அம்மாள் எழுந்து நின்று பார்த்தார். இந்தப் பருவத்தின் கடைசி ஞாயிற்றுக்கிழமை அந்த அம்மாள் உலு திராமுக்கே வருவதாக இருந்தது. பதினெட்டு வயதுக்குட்பட்டோர் மாநில அணிக்கு ஆள் எடுக்க. ஷாமளாவுக்கு ஜனவரியில் பதினெட்டு முடிகிறது. அந்த ஞாயிற்றுக்கிழமையை விட்டால் அவளுக்கு வேறு ஞாயிற்றுக்கிழமை இல்லை.

இடது கோடிக்கு வந்த முதல் வாரமே ஷாமளா ஒரு பந்தை விட்டாள். அடுத்த வாரம் இன்னொன்று. மூன்றாவது பந்து அவள் நெற்றியில் பட்டு விழுந்தது. வெளியூர்த் திடல்களில் அவள் ஒன்றையும் விடவில்லை. வெளியூர்ப் பந்துகள் எளிதானவை என்று மாமாக் கடையில் முடிவானது.

ஒரு கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொள்ளலாமா என்று செயலாளரிடம் போய்க் கேட்டாள். மதிவாணன் காப்புறுதி முகவர், யார் எதைக் கேட்டாலும் உடனே இல்லை என்று சொல்ல மாட்டார். மேலிடத்தில் கேட்டுச் சொல்வதாகச் சொன்னார். மேலிடம், கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு ஆடும் பெண் பிள்ளையைப் பார்த்தால் ஊரில் என்ன நினைப்பார்கள் என்று கேட்டது. பிறகு, இதுதான் சமயம் என்று, ஓடு வியாபாரம் செய்யும் ஆலோசகர் சாத்தப்பன் தலைமையில் இளம் ஆட்டக்காரர் வளர்ச்சிக் குழு என்று ஒன்றை அமைத்தது. வீரமுத்து வழிமொழிந்தார். வளர்ச்சி என்பது நல்ல விஷயம்தானே.

ஒரு மாலை மன்றக் கூடத்தில் குழு கூடியது. குத்துவிளக்கு ஏற்றினார்கள். தலைவர் கமலநாதனுக்குச் சாத்தப்பன் பொன்னாடை போர்த்தினார், சாத்தப்பனுக்குத் தலைவர் போர்த்தினார். மேசைக்கு எதிரே ஷாமளாவை நிற்க வைத்தார்கள். ஆட்டச் சட்டையிலேயே வந்திருந்தாள். நெற்றியில் பந்து பட்ட இடம் இன்னும் வீங்கியிருந்தது. வீரமுத்து எதிர்வரிசையில் வழக்கமான நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மகள் மேடைக்கு முன்னால் நிற்பது அவருக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

என்னம்மா பிரச்சனை, மனம் விட்டுச் சொல் என்றார் தலைவர்.

“அஞ்சரைக்கு மேல வெயில் நேரா கண்ணுல அடிக்குது, சார்” என்றாள் ஷாமளா. “பந்து தெரியல.”

மேசைக்குப் பின்னால் இருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கமலநாதன் தொண்டையைச் செருமினார். அவர் முன்பு கார் ஓட்டுநர் பள்ளி நடத்தியவர். தப்பு செய்தவரை அடிக்காமல் நோகடிக்கத் தெரிந்தவர்.

“நாங்கள்லாம் வெயில்ல வளர்ந்தவங்க, மா” என்று ஆரம்பித்தார். “எங்கப்பா தோட்டத்துல வெயில்லதான் நின்னாரு. யாருகிட்டயும் போய்ப் புகார் சொல்லல. சூரியன் இன்னிக்கு நேத்து வந்ததா? அத்தனை பேருக்கும் பொதுவா இருக்கற சூரியன், உனக்கு மட்டும் எப்படிம்மா எதிரியாச்சு?”

அந்த நேரத்தில் கூடத்தின் மேற்கு ஜன்னல் வழியாக மாலை வெயில் இறங்கி அவர் முகத்தில் விழுந்தது. தலைவர் பேச்சை நிறுத்தினார். கையால் மறைத்துப் பார்த்தார், நாற்காலியை நகர்த்திப் பார்த்தார்.

“மதி, அந்தத் திரையக் கொஞ்சம் இழுங்க. ஆளே தெரியல, கண்ணு கூசுது.”

மதிவாணன் ஓடிப்போய்த் திரையை இழுத்தார். கூடம் இருண்டது. விளக்கைப் போட்டார்கள். தலைவர் தண்ணீர் குடித்தார்.

“எங்க விட்டேன்? ஆங். வெயிலுங்கறது ஒரு சாக்கு, மா.”

எல்லாரும் கைதட்டினார்கள். அடுத்துச் சாத்தப்பன் எழுந்தார். இந்த இடத்தில் எத்தனையோ பேரை வளர்த்துவிட்ட மன்றம் இது என்றார். “தர்ஷனாவ வளர்த்தோம். கல்யாணம் பண்ணிக்கிட்டு நல்லா இருக்கா. லோஷினிய வளர்த்தோம். சிங்கப்பூர்ல கேஷியர். ஒருத்தர்கூட வீணாப் போகல. ரெண்டு பேருமே இன்னிக்கு ஒரு பந்தக்கூட விடறதில்ல.”

பிறகு செயலாளர் தீர்மானத்தை வாசித்தார். அது நல்ல தமிழில் இருந்தது. வருங்கால நட்சத்திரமாகிய செல்வி ஷாமளா அவர்களை முழுமையான வளர்ச்சிப் பாதையில் இணைத்து, என்று தொடங்கியது. வீரமுத்துவின் கை எழுந்துவிட்டது. அவருடைய எழுந்த கைக்குக் கீழே வாக்கியம் தொடர்ந்து போய்க்கொண்டிருந்தது. அவ்வளர்ச்சி நிறைவுற்றதெனக் குழு மனநிறைவு கொள்ளும் வரையில், ஆட்டப் பொறுப்புகள் அனைத்திலிருந்தும் அன்னாரை அன்புடன் விடுவிப்பது என்று அது முடிந்தது.

“வழிமொழிந்தவர், திரு. வீரமுத்து அவர்கள்.”

ஷாமளா திரும்பி அப்பாவைப் பார்த்தாள். கை இன்னும் மேலேதான் இருந்தது.

வீட்டு வாசலில் காரை விட்டு இறங்கும்போதுதான் அவள் கேட்டாள்.

“அப்பா, அவர் என்னா வாசிச்சாருன்னு நீங்க கேட்டீங்களா?”

“வளர்ச்சின்னு சொன்னாரு, மா.”

“ம்” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்க் குழாயடியில் ஆட்டச் சப்பாத்தைக் கழுவ ஆரம்பித்தாள். அது சுத்தமாகத்தான் இருந்தது. வெகுநேரம் கழுவினாள்.

சாந்தினி அன்று ரயில்வே கேட் என்றெல்லாம் எதுவும் சொல்லவில்லை. சோற்றைப் போட்டு வைத்துவிட்டுப் போய்விட்டாள். வீரமுத்துவுக்கு அதுதான் அதிகமாக வலித்தது.

அடுத்த வாரத்திலிருந்து ஷாமளா வளர ஆரம்பித்தாள். முதலில் தன்னம்பிக்கைப் பட்டறை. காப்புறுதியின் அவசியம் பற்றி மதிவாணன் பேசினார். பிறகு பந்தில்லாப் பயிற்சி. அது சாத்தப்பனின் சொந்தக் கண்டுபிடிப்பு. பந்து இருப்பதால்தான் விடுகிறாள், பயம் போகும் வரை பந்தை அப்புறப்படுத்துவோம் என்றார் அவர். திடலின் ஓரத்தில், ஓடு அடுக்கிய லாரியின் நிழலில் அவள் வெறும் வானத்தைப் பார்த்து ஓடி, வெறும் காற்றைப் பிடித்து, அதைத் திருப்பி எறிய வேண்டும். சாத்தப்பன் நாற்காலியில் உட்கார்ந்து, பிடிச்சாச்சு, பிடிச்சாச்சு என்று குறித்துக்கொள்வார். மாதக் கடைசியில் குழு அறிக்கை கொடுத்தது. பயிற்சிக் காலத்தில் செல்வி ஷாமளா ஒரு பந்தைக்கூடத் தவறவிடவில்லை. மாமாக் கடையில் சிலர் இதை நம்ப முடியாத முன்னேற்றம் என்றார்கள்.

அதற்குப் பிறகு மேடைப் பயிற்சி. பிரமுகர்கள் வரும்போது தட்டு ஏந்தி நிற்பது, எந்தப் பக்கமிருந்து பன்னீர் தெளிப்பது, மாலையை எந்த உயரத்தில் பிடித்துக்கொண்டிருப்பது. ஆட்ட நாட்களில் அவள் சேலை கட்டிக்கொண்டு, வளரும் நட்சத்திரம் என்று எழுதிய பட்டையைத் தோளில் குறுக்காகப் போட்டுக்கொண்டு கூடாரத்தில் பண்டோங் பரிமாறினாள். ரோஸ் நிறப் பானம் தளும்பாமல் இருப்பதை அவள் கையின் நிதானம் கூடியதற்கு அடையாளமாகக் குழு எடுத்துக்கொண்டது. இடது கோடியில் மலர் என்று ஒரு சின்னப் பெண் நின்றாள். பதினைந்து வயதிருக்கும். ஐந்தரை மணி வரை நன்றாகத்தான் பிடித்தாள்.

கடைசி ஞாயிற்றுக்கிழமை நெருங்கியது. வீரமுத்து மதிவாணனைத் தேடிப் போனார். என் பிள்ளை எப்போது ஆடுவாள் என்று கேட்டார்.

மதிவாணனுக்கு உண்மையிலேயே கஷ்டமாகத்தான் இருந்தது. “அண்ணே, நீங்களே வழிமொழிஞ்சிட்டு நீங்களே வந்து கேட்டா எப்படி லா?” என்றார்.

தெரியாமல் செய்துவிட்டேன் என்றார் வீரமுத்து.

தீர்மானத்தை இன்னொரு தீர்மானத்தால்தான் மாற்ற முடியும், யாராவது முன்மொழியட்டும் என்றார் மதிவாணன். அவர் சொன்னதில் பொய் இல்லை. யாராவது முன்மொழிந்தால் போதும். வழிமொழிய வீரமுத்து இருக்கிறார்.

அந்த வாரம் வேலை முடிந்து தினமும் அவர் முன்மொழிய ஆள் தேடினார். துணைத் தலைவர், பாவம் நல்ல பிள்ளை என்று சொல்லி, தனக்கு இரத்த அழுத்தம் இருப்பதாகச் சொன்னார். உதவித் தலைவர், துணைத் தலைவர் சொன்னால் தானும் சொல்வதாகச் சொன்னார். மாமாக் கடையில் அத்தனை சத்தமாகப் பேசுகிறவர்கள் எல்லாரும் வீரமுத்துவைக் கண்டதும் குரலைத் தாழ்த்தி, ஷாமளா எவ்வளவு அருமையாக எறிவாள் என்று ஆறுதலாகப் பேசினார்கள். எதிர்வரிசையில் அவரோடு உட்காரும் ஐயாசாமி மட்டும், பேசுவதற்கு எழுந்தால் தனக்கு வாய் குழறிவிடும் என்று உள்ளதைச் சொன்னார்.

சனிக்கிழமை கூட்டத்தில், வேறு ஏதும் உண்டா என்று தலைவர் வழக்கம்போல் கேட்டு, வழக்கம்போல் எழுந்துகொள்ளப் போனபோது, வீரமுத்து எழுந்து நின்றார்.

அவர் அந்தக் கூடத்தில் எழுந்து நின்றது அதுவே முதல் தடவை. என்ன செய்வதென்று தெரியாமல் ஒரு கையால் முன் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். பேசும் விதம் அவருக்குத் தெரியும், அவ்வளவு கேட்டிருக்கிறார். ஆனால் தொண்டையில் வந்தது வேறு.

“எம் பிள்ள நாளைக்கு ஆடணுங்க” என்றார். “நான் முன்மொழியறேன்.”

தலைவர் கமலநாதன் மரியாதை தெரிந்தவர். முன்மொழிவை ஏற்றுக்கொண்டு, வழிமொழிபவர் யார் என்று முறைப்படி கேட்டார்.

எல்லாருடைய தலையும் ஒரே நேரத்தில் வீரமுத்துவைப் பார்த்துத் திரும்பியது. துணைத் தலைவரும் பார்த்தார், உதவித் தலைவரும் பார்த்தார். பழக்கம்தான், வேறொன்றும் இல்லை. வழிமொழிய வேண்டிய இடம் அதுதான் என்று அத்தனை கண்களும் அங்கே போய் நின்றன. வீரமுத்துவும் ஒரு கணம் தன் கை எழுவதை உணர்ந்தார். பாதியில் நிறுத்திக்கொண்டார். முன்மொழிந்தவரே வழிமொழிய முடியாது.

தலைவர் இன்னொரு தடவை கேட்டார். பக்கத்தில் ஐயாசாமி தன் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தார்.

“வழிமொழிய ஆளில்லாததால முன்மொழிவு விழுந்துடுச்சு. வருத்தந்தான். ஆனா மரபுன்னு ஒண்ணு இருக்கு, இல்லீங்களா?” என்றார் தலைவர்.

ஞாயிற்றுக்கிழமை மழை வரும் என்று வீரமுத்து நம்பினார். வானம் துடைத்து விட்டதுபோல் இருந்தது. தேர்வாளர் அம்மாள் நான்கு மணிக்கே வந்துவிட்டார். தொப்பியும் கழுத்தில் விசிலுமாக இருந்த அவருக்குப் பொன்னாடை போர்த்தி, மாலை போட்டு, கூடாரத்தின் நடுவில் குஷன் நாற்காலியில் உட்கார வைத்தார்கள். ஷாமளா பன்னீர் தெளித்தாள். சேலையில் அவளை யாருக்கும் அடையாளம் தெரியவில்லை.

வீரமுத்து கூடாரத்தில் இருக்க மனமில்லாமல் நடந்தார். முதலில் எங்கே போகிறோம் என்று அவருக்கே தெரியவில்லை. வேலியை ஒட்டி, ஆடுகளத்தைச் சுற்றிக்கொண்டு போய், கடைசியில் இடது கோடிக்குப் பின்னால் மலருக்குச் சற்று தூரத்தில் நின்றார். இத்தனை வருடத்தில் அவர் அந்தப் பக்கம் வந்ததே இல்லை.

கூடாரத்தில் அந்த அம்மாள் கேட்டதைச் சாந்தினிதான் பிறகு சொன்னாள். போன வருடம் பத்து பாகாட்டில் கோடியிலிருந்து எறிந்தாளே ஒரு பெண், அவள் உங்கள் ஊர்தானே, எங்கே என்று அவர் மலாயில் கேட்டாராம். கமலநாதன் எழுந்து நின்று, அவங்க இப்ப எங்களோட வளர்ச்சித் திட்டத்துல இருக்காங்க, நல்லா வந்துக்கிட்டிருக்காங்க, அடுத்த வருஷம் பாருங்க என்றாராம். அவள் ஷாமளா என்று பெயர்கூடச் சொன்னாராம். அம்மாள் பெயரை எழுதி, வயதைக் கேட்டு, பிறகு எழுதியதை அடித்துவிட்டாராம். அப்போது அவருக்குப் பண்டோங் ஊற்றிக்கொண்டிருந்தவள் ஷாமளா. தளும்பவில்லை என்றாள் சாந்தினி.

நான் சொல்லத்தான் போனேன், அவ என் கையப் புடிச்சிட்டா என்றும் சொன்னாள்.

ஐந்தரை மணிக்கு மேல் எதிரணி ஒரு பந்தை உயர அடித்தது. மட்டையின் சத்தம் வீரமுத்துவுக்குக் கேட்டது. பந்தைத் தேடி அண்ணாந்தார். வெள்ளையாக எரிந்துகொண்டிருந்த வானத்தைத் தவிர அங்கே எதுவும் இல்லை. அவருக்கு முன்னால் மலர் இரண்டு அடி முன்னே போனாள், நின்றாள், பின்னே வந்தாள், கையுறையை முகத்துக்கு நேரே தூக்கிக்கொண்டு கண்ணை மூடினாள். பந்து அவளுக்குப் பின்னால் எங்கோ பொத்தென்று விழுந்தது. கூடாரத்திலிருந்து ஒரு பெருமூச்சு திடல் முழுக்கப் பரவி வந்தது. அங்கே இப்போது கால் வேலை பற்றிப் பேசிக்கொண்டிருப்பார்கள்.

வீரமுத்து கண்ணில் வழிந்த தண்ணீரைத் துடைத்துக்கொண்டு கூடாரத்தைப் பார்க்க முயன்றார். தெரியவில்லை. வெயிலுக்கு நடுவே ஒரு கறுப்புத் துண்டாக மட்டும் அது நின்றது. அதை அங்கே வைக்கலாம் என்று சொன்னபோது தன் கை எழுந்தது அவருக்கு நினைவு வந்தது. எந்தக் கூட்டம், யார் முன்மொழிந்தார், மறந்துவிட்டது. கை மட்டும் நினைவிருந்தது.

ஆட்டம் முடிந்தது. மலர் மண்டியிட்டுப் புல்லைப் பிடுங்கிக்கொண்டிருந்தாள். கூடாரத்தில் ஒலிபெருக்கி கரகரத்தது. நன்றியுரை, பிறகு வழக்கமான தீர்மானங்கள். தலைவர் ஏதோ முன்மொழிந்துகொண்டிருந்தார். வருங்கால நட்சத்திரமாகிய செல்வி மலர் அவர்களை, என்று தொடங்கியது காற்றில் துண்டு துண்டாக வந்தது.

திடலின் குறுக்கே யாரோ அவரை நோக்கி நடந்து வந்தார்கள். வெயிலுக்கு எதிரே வெறும் நிழலாகத் தெரிந்தது. நடை பழக்கமான நடையாக இருந்தது, உடைதான் பழக்கமானதாக இல்லை. யாரென்று பார்க்க வீரமுத்து கையைத் தூக்கி நெற்றிக்கு மேலே வைத்துக் கண்ணை மறைத்தார்.

“வழிமொழிந்தவர்,” என்றது ஒலிபெருக்கி திடலெங்கும், “திரு. வீரமுத்து அவர்கள். அங்க இருந்தும் கை தூக்கிட்டாரு பாருங்க. நன்றி, அண்ணே.”

கூடாரத்தில் கைதட்டினார்கள்.

ஷாமளா பக்கத்தில் வந்து நின்றாள். பட்டையைக் கழற்றிச் சுருட்டிக் கையில் வைத்திருந்தாள். திரும்பி, அவர் பார்த்த திசையையே, அவள் எத்தனையோ மாலைகள் பார்த்துக்கொண்டு நின்ற அந்தத் திசையையே கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள்.

“இப்ப தெரியுதாப்பா?”

வீரமுத்து கையை இறக்கினார். வெயில் முழுசாக முகத்தில் அடித்தது.

“ஒண்ணும் தெரியல, மா” என்றார்.